'சாப்பிட்டாயா?' என்று கேட்க ஒருவர்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் வாகனங்களில் பெரும்பாலானவை இந்தத் தூரத்தைக் கடந்தே தீர வேண்டும். பழைய தேசிய நெடுஞ்சாலை 45 இப்போது வேறு எண் பெற்றுவிட்டது. சாலையின் குணம் மாறவில்லை. பொங்கல், தீபாவளி, பெருநாள் விடுமுறைகளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நீளும்போது, சாலையோர மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் கூட்டம் கூடத் தொடங்கும். முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வடக்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை, இவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகத் தனியார் மருத்துவமனைகள். 108 வாகனம் எந்த வாசலில் போய் நின்றாலும், கதவு திறந்ததும் காயம்பட்டவரைத் தொடும் முதல் கைகளுள் ஒன்று செவிலியருடையது.

அந்தக் கைகளைப் பற்றித்தான் எழுத விரும்புகிறோம். எங்கள் வீட்டின் இளையவள், எங்கள் தங்கை, இந்தச் சாலையோர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியர். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. பணி முடிந்து வீடு திரும்பும் அவள் முகத்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். வேலை மிகுந்த நாளில் அவள் சோர்ந்து வருவாள், வேலை குறைந்த நாளில் தெளிவாக வருவாள் என்றுதான் தொடக்கத்தில் எண்ணியிருந்தோம். அப்படி இல்லை. முப்பது பேர் வந்து குவிந்த இரவுக்குப் பின்னும் கண்களில் ஒளியோடு வந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள்; ஐந்தாறு பேர் மட்டுமே வந்த நாளில் ஒரு சொல்லும் பேசாமல் படுத்திருக்கிறாள். நாளடைவில் எங்களுக்குப் புரிந்தது இதுதான்: அன்று அங்கே அவளை யாரேனும் கவனித்தார்களா என்பதைப் பொறுத்தே அவளுடைய ஈடுபாடு ஏறவும் இறங்கவும் செய்தது.

'செவிலி' என்பது பழைய சொல். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுப்பவள் செவிலித்தாய். தலைவியின் உயிர்த்தோழி அவளுடைய மகள்தான். தலைவி காதலனோடு சென்றுவிட்டால், அவளைத் தேடிப் பாலை வழியில் நடந்து, எதிர்ப்படுவோரையெல்லாம் விசாரிப்பவளும் செவிலியே. தான் பெறாத பிள்ளைக்காக வெயிலில் நடப்பவள். அந்தச் சொல்லை மருத்துவப் பணியாளருக்குச் சூட்டியவர்கள் நல்ல தமிழறிவோடுதான் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் செவிலியை யார் விசாரித்தார்கள் என்று அப்பாடல்களில் தேடினால் அதிகம் கிடைக்காது. 'கவனிப்பு' என்ற சொல்லுக்கோ நம் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் வேறு பொருள் கொடுத்துவிட்டன. "கொஞ்சம் கவனியுங்கள்" என்றால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. நாம் இங்கே பேசுவது அந்தக் கவனிப்பை அன்று.

எங்கள் தங்கை படிப்பை முடித்ததும் முதலில் சேர்ந்தது வேறொரு மாவட்டத்துத் தனியார் மருத்துவமனையில். சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாண்டுகள் விலகமாட்டேன் என்று பத்திரத்தில் கையொப்பமும் பெற்றார்கள். சம்பளம் பத்தாம் தேதியைத் தாண்டியே வரும், அதிலும் காரணம் சொல்லாப் பிடித்தங்கள் இருக்கும். செவிலியருக்கான கழிப்பறை வேறு தளத்தில். படுக்கைகளை விட்டுவிட்டுப் போனால் ஏச்சு விழும் என்பதால், பணி நேரத்தில் தண்ணீர் குடிக்காமலிருக்கப் பழகிக்கொண்டாள். நோயாளிகளின் சிறுநீர் அளவை மணிக்கொருமுறை குறித்து வைப்பவள் அவள். அவளுக்கே சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தாள். அந்த மூன்று நாள்களும் சம்பளமில்லா விடுப்பாயின.

அங்கே அவள் வேலையைக் குறைவாகச் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஊசிகள் நேரத்துக்குப் போடப்பட்டன, பதிவேடுகள் நிரப்பப்பட்டன. ஆனால் தொலைபேசியில் பேசும்போது நோயாளிகள் 'மூன்றாம் படுக்கை', 'ஏழாம் படுக்கை' ஆகியிருந்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டால், "தெரியலம்மா, என் டியூட்டி முடிஞ்சிடுச்சு" என்பாள். ஊரில் பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு நொண்டினாலும் தூக்கி வந்து கட்டுப்போட்ட பெண் அவள்.

இப்போது இருக்கும் இடம் சொர்க்கமன்று. ஆள் பற்றாக்குறை இங்கும் உண்டு. கையுறை தீர்ந்துபோகும் இரவுகளும் உண்டு. வேறுபாடு ஒரே ஒரு மனிதர். அவசரப் பிரிவின் பொறுப்புச் செவிலியர், எல்லோரும் 'இன்சார்ஜ் சிஸ்டர்' என்று அழைக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். பணிக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்விதான், விடைக்குக் காத்திராமல் கேட்கும் கேள்வி. அவர் விடைக்குக் காத்திருப்பார். இல்லையென்றால் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, அவள் படுக்கைகளைத் தாமே பார்த்துக்கொள்வார். கேள்வியோடு நின்றிருந்தால் அதை உபசாரம் என்றுதான் சொல்லியிருப்போம்.

ஓர் இரவு, ஒரே இருசக்கர வாகனத்தில் வந்த நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று லாரியில் மோதிய நிலையில் கொண்டுவரப்பட்டது. நான்கு வயதுச் சிறுவனை நாற்பது நிமிடம் முயன்றும் மீட்க முடியவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவனுடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவர்களில் எங்கள் தங்கையும் ஒருத்தி. மருத்துவர் நேரத்தைச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அடுத்த படுக்கையில் அந்தச் சிறுவனின் தாய் இருந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் எங்கள் தங்கையின் தோளைப் பிடித்துப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு அழைத்துச் சென்று, சலைன் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார வைத்து, ஒரு தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பதினைந்து நிமிடம் அவளுடைய நான்கு படுக்கைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. பிறகு கதவைத் திறந்து, "இப்ப வரியா, இன்னும் அஞ்சு நிமிஷம் வேணுமா?" என்று மட்டும் கேட்டார். ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லையாம். "வரேன் சிஸ்டர்" என்று எழுந்து போனவள் காலை வரை அந்தத் தாயின் அருகில் இருந்தாள்.

அந்த மாதத்திலிருந்துதான் அவள் பேச்சில் நோயாளிகளுக்கு மீண்டும் பெயர்கள் வந்தன.

இதை ஆய்வாளர்கள் வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஐசன்பர்கர் 1986இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வின் மையம் மிக எளியது: 'என் உழைப்பை இந்த நிறுவனம் மதிக்கிறதா? என் நலத்தில் அதற்கு அக்கறை உண்டா?' என்பது பற்றி ஒவ்வோர் ஊழியரும் மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வருகிறார். ஆம் என்று நம்புபவர்கள் வேலைக்கு வராமலிருப்பது குறைகிறது. வில்லியம் கான் என்பவர் 1990இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். அவர் ஆராய்ந்தது மருத்துவமனையை அன்று. கோடை முகாம் ஒன்றின் பணியாளர்களையும் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர்களையும். ஒருவர் தம்மை முழுமையாக வேலைக்குள் கொண்டுவர மூன்று வேண்டும் என்றார்: செய்வதற்குப் பொருள் இருக்க வேண்டும், மனம் திறந்தால் தீங்கு நேராது என்ற பாதுகாப்பு வேண்டும், கொடுப்பதற்கு உடலிலும் உள்ளத்திலும் ஏதேனும் மீதமிருக்க வேண்டும். அவசரப் பிரிவில் முதலாவதற்குக் குறைவே இல்லை. உயிரைக் காப்பதைவிடப் பொருளுள்ள வேலை எது? அதனால்தான் மற்ற இரண்டையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 'சேவை', 'தியாகம்' என்ற பெரிய சொற்களைக் கொடுத்துவிட்டால் நாற்காலியும் கழிப்பறையும் கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மீதமிருப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். தனியார் மருத்துவமனைகள் பலவும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. பச்சை என்றால் காத்திருக்கலாம். வண்டியிலிருந்து விழுந்து, தானே நடந்து வந்த இளைஞர் ஒருவரைப் பச்சையில் அமர்த்தியிருந்தார்கள். கையில் சிராய்ப்பு, இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. அவ்வழியே கடந்து சென்ற எங்கள் தங்கைக்கு, அவர் உட்கார்ந்திருந்த விதமும் நெற்றி வியர்வையும் உறுத்தின. யாரும் சொல்லாமலே நாடியை மறுபடி பார்த்தாள். முன்பைவிட வேகமாக ஓடியது. மருத்துவரை அழைத்தாள். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிவது தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். பாராட்டியவர்களிடம் அவள் சொன்ன விடையை மறக்க முடியவில்லை: "அன்னிக்கு நான் தூங்கியிருந்தேன், சாப்பிட்டிருந்தேன், பக்கத்துல இன்னொரு நர்ஸ் இருந்தாங்க. அதனாலதான் கண்ணுல பட்டுச்சு." பழைய மருத்துவமனையில் அதே இளைஞர் அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இது ஒரு மருத்துவமனையின் கதை மட்டுமன்று. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அலையலையாக முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் கொண்டுவரப்பட்டதை இம்மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் இன்னும் பெரிய துயரம். அங்கிருந்தும் நோயாளிகள் முண்டியம்பாக்கத்துக்கு வந்தனர். மெத்தனால் நஞ்சு பொல்லாதது. இரத்தத்தில் அமிலம் ஏறும், பார்வை நரம்பு கெடும், மூச்சு தடுமாறும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, இரத்தப் பரிசோதனைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து, இரத்தச் சுத்திகரிப்புக்கு அனுப்பி, ஒவ்வொரு நோயாளியையும் இமைப்பொழுதும் பிரியாமல் பார்க்க வேண்டும். வெளியே உறவினர் கதறலும், கேமராக்களும், வந்து செல்லும் பெரியவர்களின் வாகன வரிசையும். குடிகாரருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நம்மில் சிலர் பேசியதும் உண்மை. குடியை விலக்கிய மார்க்கத்தாரிடம் அப்பேச்சு எளிதில் எழும். செவிலியர் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பார்வை மங்கியவர் கையை நீட்டினால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவர்களை நாம், அதாவது இந்தச் சமூகம், எப்படி வைத்திருக்கிறோம்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்த செவிலியருக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டுகளில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாமல், 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தார்கள். கொரோனா வந்தது, 2020 மார்ச் 22 மாலை நாடே கைதட்டியது, மே 3 அன்று விமானப்படை மருத்துவமனைகள் மீது மலர் தூவியது. அக்காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31உடன் நீட்டிக்கப்படாமல் நின்றது. ஊதியம் பிற்பாடு உயர்ந்தது, சிலர் நிரந்தரமும் ஆனார்கள். கோரிக்கை இன்னும் ஓயவில்லை. மலரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டு நிற்பவருக்குக் கொடுப்பதற்கு என்ன மீதமிருக்கும்?

மதீனாவில் இது வேறாக நடந்திருக்கிறது. அகழ்ப் போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் வைத்துப் பராமரித்தவர் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி). கூடாரம் பள்ளிவாசலுக்குள்ளேயே இருந்ததால் நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி அங்கே வந்து விசாரிக்க முடிந்தது. மருத்துவம் செய்யும் பெண்ணின் இடம் ஊரின் ஓரத்தில் அன்று, நடுவில் இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கைபர் போருக்குப் பின் அவருக்குப் போர்வீரருக்குரியது போன்ற பங்கு வழங்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதியுள்ளனர். புகழ்மொழியோடு பங்கும் சேர்ந்தே போயிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். விபத்து என்றால் மஹல்லாவே கிளம்பிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. அதன் நன்மையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவசரப் பிரிவின் வாசலில் நாற்பது பேர் நின்று, ஆளுக்கொரு முறை "சிஸ்டர், எப்படி இருக்கார்?" என்று கேட்டால், ஒரே செவிலியர் நாற்பது முறை நோயாளியிடமிருந்து திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் குரல் உயர்த்துபவர்களும் சட்டையைப் பிடிப்பவர்களும் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சட்டம் வந்து நடுவில் நிற்காது. எங்கள் தங்கையின் அனுபவத்தைக் கேட்ட எங்கள் ஜமாஅத் பெரியவர் ஒருவர், இப்போதெல்லாம் யாருக்கேனும் விபத்து என்று செய்தி வந்தால் இருவரை மட்டும் உள்ளே அனுப்புகிறார்: பேசுவதற்கு ஒருவர், மருந்து வாங்க ஒருவர். மற்றவர்கள் இரத்தம் கொடுக்க ஆயத்தமாக வெளியே இருப்பார்கள். ரமலானில் எங்கள் பள்ளியின் நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் அந்தப் பிரிவுக்கும் போகிறது. இஃப்தார் நேரத்தில் தங்கை பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு ஓடும்போது, அவளைப் பத்து நிமிடம் உட்கார வைத்துக் கஞ்சியை ஊற்றித் தருபவர்கள் மற்ற மதத்துச் செவிலியர்கள்தாம். தங்கள் பங்கையும் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கஞ்சி நன்றாக இருக்கும்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் வெள்ளத்தில் மிதந்தன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தருகே வெள்ளம் ஏறி ரயில்களும் நின்றன. மாற்றுப் பணியாளர் வர வழியில்லாமல் எங்கள் தங்கை இரண்டு இரவுகள் மருத்துவமனையிலேயே இருந்தாள். அவளுடைய கைப்பேசி அணைந்துவிட்டது. வீட்டில் விளக்கில்லை, அம்மா தஸ்பீஹை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார். இரவு பதினொரு மணிக்கு அண்ணனின் கைப்பேசிக்கு அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இன்சார்ஜ் சிஸ்டர். "அம்மாகிட்ட குடுங்க" என்றார். "உங்க பொண்ணு சாப்பிட்டாம்மா. இப்ப தூங்கறா. மூணு மணிக்கு எழுப்புவேன். கவலைப்படாதீங்க." அன்றிரவு பணியிலிருந்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் அவர் அப்படிப் பேசியிருக்கிறார் என்று பின்னர் அறிந்தோம். தாம் எப்போது தூங்கினார் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

கவனிப்பு மருத்துவமனையோடு முடிந்துவிடுவதில்லை. அதில் வீட்டுக்கும் பங்குண்டு. தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது இதை நன்றாக உணர்ந்தோம். முதலில் வந்த இரு குடும்பத்தாரும் கேட்ட முதல் கேள்வி, இரவுப் பணி உண்டா என்பது. ஒரு வீட்டார், நிக்காஹ் முடிந்ததும் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். மற்றொரு வீட்டார் பெருந்தன்மையோடு, வேலைக்குப் போகட்டும், ஆனால் காலைச் சமையலுக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். இரவு முழுவதும் நின்றவள் காலையில் அடுப்படியிலும் நிற்க வேண்டுமாம். அத்தா இரண்டையும் மரியாதையாக மறுத்தார். நம் பெண்களை நர்சிங் படிக்க வைக்கத் தயங்குகிறோம். பிறகு பிரசவ அறையில் நம் பெண்களைப் பார்த்துக்கொள்ளப் பெண் செவிலியர்தான் வேண்டும் என்கிறோம். இந்தக் கணக்கு எப்படி நேராகும் என்று தெரியவில்லை.

சென்ற மாதம் மூன்றாவதாக ஒரு குடும்பம் விழுப்புரத்திலிருந்து வந்தது. பையனின் தாயார் அதிகம் பேசவில்லை. பணி நேரம், பேருந்து வசதி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நைட் டியூட்டி முடிச்சு வந்தா எத்தனை மணி நேரம்மா தூங்கணும் உனக்கு?" என்றார். அவள் திகைத்து, "ஆறு மணி நேரமாவது வேணும்மா" என்றாள். "மாடியில ஒரு ரூம் இருக்கு, பகல்லயும் வெளிச்சம் வராது. ஜன்னல் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும், சரிபண்ணச் சொல்றேன்" என்று மகனைப் பார்த்தார்.